ஒளி சொன்னதும் நான் சொன்னதும்

சூரியனுக்கு எவரும் சென்றதில்லை. ஆயினும் அங்கே இருப்பது எதுவென வானியலாளர் அறிவர். அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தே அறிந்தார்கள். ஆறாம் தரத்தில், விஞ்ஞான தினத்தன்று இதை மேடையில் முழங்க மனனம் செய்திருந்தேன். செயல்விளக்கத்துக்காகச் சப்பாத்துக் காலணி வந்த பெட்டியொன்றில் மெல்லிய கீறலிட்டு, உள்ளே பழைய சீடித் துண்டை ஒட்டியிருந்தேன். அதன் வழியே எல்.ஈ.டி. விளக்கு இடைவெளியற்ற வானவில்லாய் விரியும்; பழைய சி.எஃப்.எல். சுருள் மின்குமிழோ தனித்தனி நிறக்கோடுகளாய்ப் பிரியும்.

எங்கள் கரையில் சுருள் மின்குமிழ் எரிந்தது, உம்மாவின் தங்கையான சாச்சியின் கணவரான சாச்சாவின் படகில் மட்டுமே. அவர் தனியாளாகவே கடலுக்குப் போவார்.

ஒருநாள் காலையில் வரவேண்டியவர் வரவில்லை. பகலெல்லாம் பேய்க்காற்று. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பின் கல்முனைக் கரையில் கூடி நின்றோம். தொலைவில் ஒற்றை வெளிச்சம் தெரிந்தது. கையோடு கொண்டு போயிருந்த பெட்டியைக் கண்ணில் வைத்தேன்.

"விஞ்ஞானிக்கு வழி விடுங்க! பொட்டிக்குள்ள மீனும் தெரியுமாம்," என்றார் காக்கா, என் மூத்த அண்ணன்.

வெளிச்சம் நெருங்கியது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே இருள் விழுந்தது; சுருள் மின்குமிழ்தான்.

"சாச்சா வாறார்!" என்று கூவினேன்.

சாச்சி என் தோளைப் பற்றினார். "மெய்யாவா புள்ள?"

"ஓம் சாச்சி. வெளிச்சம் பொய் சொல்லாது."

அவர் அந்த மணலிலேயே நெற்றி பதித்து ஸுஜூதில் விழுந்தார்.

வந்தது சாச்சாவின் படகுதான். தேடிப்போன இருவர் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். தங்கள் விளக்கு பழுதானதால், அதிலிருந்த விளக்கை ஏற்றியிருந்தார்கள்.

"ஒலுவில் கரைக்கு அங்கால படகு மட்டும்தான் மிதந்திச்சு, ராத்தா," என்றார் ஒருவர், சாச்சியின் முகத்தைப் பாராமல்.

"நான் சொன்ன அதே பல்ப்தானே?" என்றேன் உரத்த குரலில். காக்கா என் வாயைப் பொத்தினார். விளக்கு இன்னதென்று மட்டுமே ஒளி உரைத்தது. அருகே ஆள் இருப்பதாக உரைத்தவள் நான். அந்த வேறுபாடு அன்று எனக்கு எட்டவில்லை. என் வாதம் வென்றதாகவே நம்பினேன்.

மூன்றாம் நாள் அந்தியில், சாச்சி பெட்டியைக் கேட்டு வாங்கி, ஒரு படகும் இல்லாத கடலை நோக்கிப் பிடித்தார்.

"விளக்கு இல்லாத பக்கம் புடிச்சா ஒண்டும் தெரியாது சாச்சி."

"ஓம் மகள், அது எனக்குத் தெரியும்," என்றார். பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

அவருக்குச் செய்முறை விளங்கவில்லை என்று எண்ணி, முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.