நட்டுக்குள் சிக்கிய வளையம்

அந்தக் கடலோர ஆராய்ச்சிக் கூடத்தில் நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி. இருவரும் வேதியியல் படித்தவர்கள், இருவரும் தற்காலிகம். என் ஊர் நயினார்கோவில் பக்கம். அவனுடையது அதற்குக் கொஞ்சம் தெற்கே. இரண்டு வீட்டிலும் மழையை நம்பிய மிளகாய்க் கொல்லைதான். உச்சிப்புளியில் ஓர் அறை எடுத்து, ஒரே ஸ்டவ்வில் சோறு பொங்கித் தின்றோம். அவனுக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைகள் இருந்தார்கள். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சு அவனிடம் குறைவு.

சுறா ஈரல் எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அதைத் துடைத்ததும் ஓட்டியதும் நாங்கள்தான். அதற்குள்ளிருக்கும் சுருள் குழாயை இயந்திரத்தோடு பூட்டுவது ஒரு பித்தளை நட்டு. நட்டுக்குள், குழாயைச் சுற்றி, கூம்பு போல ஒரு குட்டி வளையம் இருக்கும். ஃபெரூல் என்பார்கள். நட்டை இறுக்கினால் அது குழாயைக் கவ்வி, வாயு கசியாமல் அடைத்துக்கொள்ளும். அளவாக இறுக்க வேண்டும். மிஞ்சினால் வளையம் பிதுங்கி நட்டின் உள்சுவரோடு ஒட்டிவிடும்.

ஒருநாள் காலை அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது ஒரு குமிழி எழுந்தது. எங்கள் அதிகாரி பின்னால் நின்றிருந்தார்.

"இதைக்கூட இறுக்கத் தெரியாதாய்யா?" என்று என் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கினார்.

"போதும் சார், ரொம்ப இறுக்குனா…" என்றேன். அவர் தோளைக் கொடுத்து இறுக்கினார். நட்டு கிறீச்சிட்டது. குமிழி நின்றது. வெற்றி பெற்றவர்போல ஸ்பானரை மேசையில் போட்டுவிட்டுப் போனார். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து ஒரு பெரியவர் கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காகக் குழாயை மாற்றச் சொன்னார்கள். நட்டு இயந்திரத்திலிருந்து கழன்று வந்தது. உள்ளேயிருந்த வளையம் நட்டை விட்டு வரவில்லை. மாற்று நட்டு கிடையாது. கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

குழாயை நட்டை ஒட்டி அறுத்தோம். நட்டின் திருகுப் புரி நசுங்காமலிருக்க மரச்சக்கை கொடுத்து வைஸ் இடுக்கியில் பிடித்தோம். மண்ணெண்ணெய் சொட்டு விட்டு ஊறப்போட்டோம். பிறகு நட்டின் பின்துளை வழியே, குழாயின் கனத்துக்கே இருந்த ஒரு கம்பியை வைத்து அவன் பிடித்துக்கொள்ள, நான் சின்னச் சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு ஸ்பிரிட் விளக்கில் வாட்டினோம். மறுபடி தட்டினோம். கம்பி நழுவி அவன் கட்டைவிரல் நகம் கறுத்தது.

"விடுலே, நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"நீ தட்டு. கை போனா போகுது, நாளன்னிக்கு மெசினு ஓடணும்" என்றான்.

சாயங்காலம் வளையம் பொட்டென்று தெறித்து விழுந்தது. இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். நட்டை வெளிச்சத்தில் திருப்பியபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதன் வாயோரம் மயிரிழை போல ஒரு விரிசல். அந்த ஒரு கிறீச்சில் வந்தது அது.

பெரியவர் வந்த நாளில் கருவி மூடித்தான் கிடந்தது. காரணம் கேட்டார். "பசங்க நட்டை இறுக்கி உடைச்சுட்டாங்க சார்" என்றார் அதிகாரி. கண்கள் அவன் மேல் இருந்தன. அவன் தலை குனிந்தான். அவன் தங்கைகளை நினைத்தேன். அவன் வேலை போய்விடும் என்று எனக்குப் பட்டது.

"அவன் இறுக்கலைங்க சார்" என்றேன். "போன வாரம் ஐயாதான் இறுக்குனாங்க. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருந்தோம்."

பெரியவர் அவன் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

"இல்ல சார்" என்றான் அவன். "நான்தான் இறுக்குனேன். மன்னிச்சிருங்க."

"உண்மையை ஒத்துக்கிற பையன்" என்று பெரியவர் அவன் தோளில் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே வெளியேறினார்.

அறைக்குத் திரும்பியதும் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "உன்னைய யாருலே சாட்சி சொல்லச் சொன்னது? எனக்காகவா பேசுன? உனக்கு நாக்கு அரிச்சுச்சு, பேசுன. அவரைக் காட்டிக் கொடுத்துட்டு இங்கன எவன் பொழைப்பான்?"

"உனக்கு வேலை போயிருக்கும்டா."

"போகல பாத்தியா."

போகவில்லைதான். அந்த ஆண்டுக்குள் அவன் நிரந்தரமானான். புது நட்டு வந்ததும் கருவி அவன் பொறுப்பாயிற்று. என்னைக் கடற்பாசி காயவைக்கும் களத்துக்கு அனுப்பினார்கள். வெயிலில் பாசியைப் புரட்டிப் புரட்டி உள்ளங்கை உப்பில் வெடித்தது. அந்தக் கருவியிருந்த அறைப்பக்கம் போக எனக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டார்கள். பொய்யன் என்ற பெயர் மட்டும் எனக்கு முன்னாலேயே எல்லா அறைக்கும் போயிருந்தது.

அதன் பிறகும் சில ஆண்டுகள் ஒரே அறையில்தான் இருந்தோம். யார் முதலில் வருகிறோமோ அவர் உலை வைப்பது, வடிப்பது, மற்றவர் பங்கைத் தட்டு போட்டு மூடி வைப்பது. பேச்சு கிடையாது. தங்கைகளின் கல்யாணம் முடிந்து அவனுக்கும் நிச்சயமானபோது, பத்திரிகையை என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

போனேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தபோது அவன் மாமனாரோடு வந்தான். யார் இவர் என்று அவர் கேட்டார்.

"ஆபீஸ்ல வேலை பாக்குறவரு" என்றான். "வேற செக்சன்."