பூட்டிவிட்டுப் போன நாள்

அறுபத்தோரு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வாதம் வந்து படுத்திருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமாவது சொன்னால், காரணத்தையும் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதனால் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தேன். வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். மூன்று வருஷமாக இவரை வைத்துக்கொண்டு என்னால் வாசலைத் தாண்ட முடியவில்லையே என்ற எரிச்சல் வேறு.

எழுதி முடித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து கதவைத் திறந்தேன். உதடு காய்ந்து கிடந்தார். சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"என்னங்க, தண்ணியக்கூடக் குடிக்கலையா?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும். நீ வர நேரமாகும்ல," என்றார் குழறலாக. "நல்லா எழுதுனியா?"

சொம்பை அவர் வாயில் வைத்தேன். பாதித் தண்ணீர் அவர் நெஞ்சில் வழிந்தது. இத்தனை நாளும் அடைபட்டுக் கிடப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த பரீட்சைக்கும் போனேன். எதிர்வீட்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்தேன். அவர் சிரிக்கத்தான் செய்தார்.

நான் திரும்பி வந்தபோது சொம்பு காலியாக இருந்தது.