கருவாட்டோடு காய்ந்த இசைத்தட்டு

எங்கள் மாமாவிடம் சொந்தமாக மைக்செட் இருந்தது. முதுநகர்ப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். அந்தத் திமிரில் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்தரையும் மதித்ததில்லை.

அவரிடம் இருந்த இசைத்தட்டுகளில் ஒன்று மட்டும் இங்கிலீஷ். துறைமுகத்துக்கு வந்த கப்பலின் சமையல்காரர், மாமா தன் ரேடியோவைச் சரிசெய்து கொடுத்த சந்தோஷத்தில் தந்துவிட்டுப் போனது. எழுபதுகளில் அமெரிக்கக் கறுப்பர்கள் பாடியதாம். அட்டையில், பூட்டிய கேட் ஒன்றின் முன்னால் பெரிய பெரிய முடியோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

“ஏன் மாமா, இவுங்க யாருமே சிரிக்கல?”

“வேலை போயிருக்கும்,” என்றார் மாமா.

எனக்கு அந்தத் தட்டைக் கண்டாலே ஆகாது. ஒருத்தர் சாக்ஸபோனை அழுவதுபோல ஊதுவார், இன்னொருத்தர் சண்டைக்கு நிற்பதுபோலக் கேள்வி கேட்டுப் பாடுவார். சினிமாப் பாட்டு அத்தனை இருக்க, மனுஷன் செட்டை டெஸ்ட் பண்ண இதைத்தான் போடுவார்.

எனக்குப் பத்து வயதாகும்போது, ஆற்றங்கரைத் தொழிற்சாலை ஒன்று விட்ட கழிவில் மீன்கள் செத்து மிதந்தன. அப்பாவின் வலையில் நாற்றம்தான் வந்தது. கூடையோடு போன அம்மாவை, “ஆத்து மீனா? வேணாம்மா” என்று தெருத் தெருவாகத் திருப்பி அனுப்பினார்கள். கழிவுக் குழாயை மூடும்வரை எழுந்திருப்பதில்லை என்று ஊரே தொழிற்சாலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தது.

மைக்கில் பேசக் கூடாது, வேண்டுமானால் பாட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்றது போலீஸ். மாமா பணிவாகத் தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து இங்கிலீஷ் தட்டுதான். சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் பந்தலுக்கு வருவார். அவரும் மாமாவும் அதைக் கேட்டுக்கேட்டுக் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள், “நாளைக்குக் கழிவுக் கொழாயப் பாக்கப் பெரிய ஆபீசர் வராரு. அந்தத் தட்ட நல்லாத் தொடச்சி வையி” என்று மாமா என்னிடம் கொடுத்தார். துடைத்தால் போதாது என்று எனக்குத் தோன்றியது. சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவியதைக் காயவைக்க வேண்டாமா? அம்மா கருவாடு பரப்பியிருந்த வலையில், உச்சி வெயிலில் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது.

இரண்டு கடப்பாக்கல்லுக்கு நடுவில் அதை வைத்து, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“எழுந்து வந்து சோறு தின்னுடி!”

“மாட்டேன்.”

அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். அப்போதும் நான் அசையவில்லை. பொழுது சாய்ந்து எடுத்துப் பார்த்தேன். பாதி நெளிவுதான் போயிருந்தது.

மறுநாள் காலை மாமா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஊசி எகிறாமலிருக்க அதன் தலையில் ஒரு நாணயத்தை ஒட்டி ஓடவிட்டார். ஆபீசரின் ஜீப் வந்து நின்ற நேரம் பார்த்து ஊசி சிக்கிக்கொண்டது. ஒரே வரி, திரும்பத் திரும்ப.

“யோவ், ஊசி மாட்டிக்கிச்சி பாரு. தள்ளிவுடுய்யா!” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பாட்டுதான சார் ஓடுது. பர்மிஷன் இருக்கே!”

மீன்காரப் பெண்கள் அந்த வரிக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் கூடவே பாடினார்கள். ஏ பி சி டி தெரியாத என் அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தம். ஆபீசர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு யார் முகத்தையும் பாராமல் உள்ளே போனார். நான் கழுவிய லட்சணத்தை ஊரே கேலி செய்கிறது என்று நினைத்து, பந்தலுக்குப் பின்னால் போய் அழுதேன்.

சில மாதங்களில் அந்தக் குழாயை அடைத்தார்கள். கொஞ்சம் தள்ளி வேறொன்றைத் திறந்தார்கள். மாமா செட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் போய் உட்கார்ந்தார்.

இப்போது சிதம்பரத்தில் படிக்கும் என் மகளிடம் போன மாதம் அந்த அட்டைப்படத்தைப் பற்றிச் சொன்னேன். போனில் அந்தப் பாட்டையே தேடிப் போட்டுவிட்டாள். அன்று ஊசி சிக்கிய வரி வந்ததும் என் வாய் தானாகவே கூடப் பாடியது. அர்த்தம் கேட்டேன்.

“‘இந்த ஆத்தக் கெடுத்தது யாரு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு’ன்னு அர்த்தம்மா.”

கல்யாண வீடுகளில் ஊசி சிக்கினால், மாமா பேசிக்கொண்டே விரல் நுனியால் தட்டிவிடுவார், ஒருவருக்கும் தெரியாது. அன்று அந்த வரி ஓடிய நேரம் முழுக்க அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாவம், மாமாவால் அதைத் தட்டிவிட முடியவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.