முப்பத்துநான்குக்குப் பிந்திய படம்

செயின்ட்-மிஷேலில் எங்கள் மாதா கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்தபின், பழைய ஹொலிவூட் நகைச்சுவைப் படம் போடுவோம். படத்தைத் தேர்ந்து, அது வந்த ஆண்டையும் பின்னணியையும் முன்னால் நின்று சொல்வது என் பொறுப்பு. முத்தக்காட்சி வந்தால் திரையில் அது விழாதபடி புரொஜெக்டருக்கு முன்னால் காகித மட்டையைப் பிடிப்பது சபைத் தலைவரின் பொறுப்பு. அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒருமுறை தணிக்கை விதிகளைப் பற்றிப் பேசினேன். 1930இல் எழுதிய விதிகள் 1934இன் நடுவில்தான் இறுகின. அதற்கு முன் படங்களில் பெண் கணவனை விட்டுப் போவாள், பொய் சொல்வாள், தண்டனை இல்லாமல் தப்புவாள். அதன்பின் முத்தங்களையும் சுருக்கி, திருமணத்தின் புனிதத்தைப் படம் காப்பாற்ற வேண்டும். கதை எழுதியவர்கள் ஒரு வழி கண்டார்கள். தம்பதியைத் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். இடையில் அவள் எவ்வளவு வாயாடினாலும், எவனோடு சுற்றினாலும், கடைசியில் பழைய கணவனிடமே வந்து சேர்வாள்.

அன்று தலைவர் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, அடுத்தமுறை முப்பத்துநாலுக்குப் பிந்தினது ஒண்டு போடுங்கோவன். பிரிஞ்சு சேருற கதை."

"நீங்கள் ஒருநாளும் படம் கேக்கிறேல்லையே, அண்ணை?"

"சனம் சிரிக்கட்டுமெண்டுதான்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. என் தங்கை கணவனை விட்டு என்னிடம் வந்திருந்தாள். அவளைத் திருப்பி அனுப்பச் சபையில் கதை நடப்பதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் நானே புகழ்ந்த வகைப் படத்தை எப்படி மறுப்பது?

அப்படியொரு படம் போட்ட ஞாயிறு தலைவர் புரொஜெக்டரடியில் இல்லை. மட்டை சுவரில் சாய்ந்து கிடந்தது. அவர் முன்வரிசையில் தங்கைக்கு இடம் பிடித்திருந்தார். விளக்கு அணைந்தபின் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் அவள் கணவர் வந்து அமர்ந்தார், புதுச் சவரமும் கோட்டுமாக. இந்தப் படத்தில் மறைக்க ஒன்றும் வராது என்று தலைவருக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

தங்கை எழுந்து போகவில்லை. கதாநாயகி பழைய கணவனின் தொப்பியை ரயில் ஜன்னலால் எறிந்தபோது கைதட்டிச் சிரித்தாள். அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

விளக்கு எரிந்ததும் தலைவர் திரும்பினார்.

"பாத்தியளோ பிள்ளை, எவ்வளவு சந்தோசமாச் சேர்ந்திட்டினம்! இண்டைக்கே இவரோட போங்கோ. கார் வெளியால நிக்குது."

சிற்றுண்டிக்கு ரோல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். தங்கை எழுந்தாள்.

"நல்ல படம், அண்ணை. படத்தில அந்த மனுசன், அவள் தன்ர தொப்பிய எறிஞ்சதுக்கும் சிரிச்சவன். இவர் கறியில உப்புக் குறைஞ்சதுக்கு என்ர கைய முறிச்சவர். ஐஸில சறுக்கினதெண்டு உங்களுக்குச் சொன்னது பொய்."

எனக்கும் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஒக்டோபரில் ஏது ஐஸ் என்று நான் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவாள்.

"பிள்ளை, அதைப் பேந்து ஆறுதலாக் கதைப்பம்," என்றார் தலைவர்.

"கதைக்கிறதெண்டால் இப்ப, எல்லாருக்கும் முன்னால அவரைக் கதைக்கச் சொல்லுங்கோ."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என்னைப் பார்த்தார், நான் இடையில் வந்து ஏதாவது சொல்வேன் என்பதுபோல. நான் போய்த் தங்கைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, கோட்டைப் போடுங்கோ," என்றாள் தங்கை. "மெட்ரோவில வீட்ட போவம்."