மாடசாமி முடக்கும் நான்கு டயர்களும்

நாகலெட்சுமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் யாரும் அவளிடம் வாய் கொடுப்பதில்லை. கொடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் களைத்துப் போனவர்கள். குவைத்தில் எட்டு வருஷம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவள், கையில் இருந்த காசுக்கு நகை வாங்காமல் ஒரு பழைய ஜப்பான் ஜீப்பை வாங்கிவந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு முன்னால் நிறுத்தினாள். யார் ஓட்டுவது என்று கேட்டார்கள். "நான்தான்" என்றாள். அன்றைக்கு அவளிடம் லைசன்ஸ்கூட இல்லை. ஆறே மாதத்தில் எடுத்துவிட்டாள். ஏன் கல்யாணம் பண்ணவில்லை என்று கேட்டால், "நேரம் கெடைக்கல்ல" என்பதோடு சரி. இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

மலை சீசனில் அட்டனுக்கும் நல்லதண்ணிக்கும் இடையே யாத்திரை வருபவர்களை ஏற்றி இறக்குவாள். மற்ற மாதங்களில் கல்யாணம், எழவு, வங்கி, பள்ளிக்கூடம் என்று தோட்டத்துக்காரர்களின் ஓட்டம். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் யார் கூப்பிட்டாலும் போகமாட்டாள். அந்த இரண்டு நாளும் லெட்சுமணனுக்கு. பக்கத்து லயத்து மனுஷன், தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. பகல் பன்னிரண்டு மணிக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் பக்கத்தில் அவர் இருக்க வேண்டும். ஒரு தவணை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். இரண்டு தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. அவர் மனைவி வீரம்மாவும் கேட்கவில்லை.

போன மே மாதம் ஒரு தவணை தவறியது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்து ரோடு மேல் டிவிசனிலிருந்து ஆற்றுப் பாலம் வரை இறங்கி, மறுபடி செங்களி மண்ணில் ஏறி, ஒரு கூர்மையான வளைவில், முடக்கில், திரும்பித்தான் தார் ரோட்டைப் பிடிக்கும். அந்த முடக்கில் ஒரு மாடசாமி கல் இருப்பதால் மாடசாமி முடக்கு என்று பெயர். அன்று மழை. டயர்கள் நான்கும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தன. ஜீப் பாதி ஏற்றத்தில் நின்று, பின்னால் சறுக்கி, ரோட்டோர வடிகால் கானுக்குள் ஒரு சக்கரத்தை விட்டுவிட்டது. மலையிலிருந்து ஓடிவந்த நான்கு பேர் ஒரு கம்பளியை விரித்து, அதில் லெட்சுமணனைப் போட்டு, நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பளிக்குள்ளிருந்து அவர் அவளைப் பார்த்தார்.

"பொணத்தத் தூக்குற மாதிரி தூக்குறாங்களே, தங்கச்சி."

அவர்கள் தார் ரோட்டை அடைந்து, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி இரண்டரை. மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். அந்த ஒரு வசனம் நாகலெட்சுமியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இனி அவர் அந்தக் கம்பளியில் போகக் கூடாது என்று தீர்மானித்தாள். வீரம்மா அப்படி நினைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கம்பளியை மடித்து, ஒவ்வொரு பயணத்துக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

புது டயர் போட வேண்டும் என்பதில் ஊருக்கு இரண்டு கருத்து இல்லை. எந்த டயர் என்பதிலும் இல்லை. மட் டயர்தான்! முதலைப் பல் மாதிரி கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் சேற்று டயர். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்காரர்கள் சொன்னார்கள், கடைக்காரர் சொன்னார், வண்டியே வைத்திராதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். நாகலெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு பழைய கொப்பியில் தன் பாதையை எழுதினாள். மேல் டிவிசனிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை எழுபத்தெட்டு கிலோமீட்டர். அதில் தார் எழுபத்து மூன்று, கல்லு ரோடு மூன்று, செங்களி இரண்டு. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோமீட்டர் களிக்காக எழுபத்து மூன்று கிலோமீட்டர் ஈரத் தார் முடக்குகளில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு வழுக்குவதா? மட் டயரின் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஈரத் தாரில் பிடிமானம் குறைவு, பிரேக் பிடித்தால் நிற்க நேரமாகும். இதையெல்லாம் இரண்டு வாரம் போனைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். அந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் சோறு குழைந்துதான் இருந்தது.

அட்டன் பஜாரில் வினோஜனின் டயர் கடை மூன்று தலைமுறையாக இருக்கிறது. அவன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா. மட் டயர்தானே? எடுத்து வச்சிட்டேன்."

"வேணாம். ஓல் டெரெய்ன் காட்டுங்க. தாருக்கும் காட்டுக்கும் ஓடுறது."

"அக்கா, ஒங்க ரோட்டுக்கு அது பத்தாது. எல்லாரும் மட்தான் கேக்கிறாங்க."

"எல்லாரும் செவ்வா வெள்ளி நுவரெலியாவுக்குப் போறாங்களா?"

வினோஜன் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு டயரை உருட்டி வந்தான். அவள் குந்தி உட்கார்ந்து, பக்கச் சுவரைத் துணியால் துடைத்து, அங்கே பதித்திருந்த நாலு இலக்கத்தைப் படித்தாள். கடைசி இரண்டு இலக்கம் பத்தொன்பது.

"இது ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல செஞ்சது. ஆறு வருஷம் கடையில கெடந்த ரப்பர எனக்கு வேணாம்."

அவன் காது சிவந்து போனது. வேறு நான்கு வந்தன, போன வருஷம் செய்தவை. பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல்லு ரோட்டில் டயர் கிழிவது பக்கத்தில்தான். தடிப்பான சுவர், நடுவில் நெருக்கமான பூ வெட்டு, ஓரத்தில் களியைக் கடிக்கும் பல். இதுதான் என்றாள். வினோஜன் அவற்றை ஜீப்பில் மாட்டி, காற்றை முப்பத்தைந்து பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு நிரப்பினான். ஜீப்பின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன பம்ப் ஒன்றையும் பெட்டியோடு கொடுத்தான்.

"களியில ஏற முன்னுக்கு இருவதுக்கு எறக்குங்க. தாருக்கு வந்ததும் இதால அடிச்சிக்கங்க."

"சரி சரி" என்றாள் நாகலெட்சுமி. டவுன் ஆளுக்குத் தோட்டத்து ரோட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு மலைரோடு பழக்கியவர்கள் கொழுந்து லொறிக்காரர்கள். டயரைத் தட்டினால் கல்லைத் தட்டிய மாதிரி சத்தம் வர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வழியில் தொழிற்சாலையில் நிறுத்தி, காற்றை ஐம்பது வரை ஏற்றினாள். தட்டிப் பார்த்தாள். கல். வீரம்மா நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பம்ப் பெட்டி சீட்டுக்கு அடியில் போனது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். கல்லு ரோடு சுகமாகக் கடந்தது, பாலமும் கடந்தது. மாடசாமி முடக்கின் ஏற்றத்தில், போன தடவை நின்ற அதே இடத்தில், சக்கரங்கள் நான்கும் சும்மா சுழன்றன. ஜீப் ஒரு முழம் பின்னால் வழுக்கியது. நாகலெட்சுமி பிரேக்கை மிதித்துப் பிடித்தாள்.

மேலே கொழுந்து மலையில் நின்றவர்களில் ஆம்பளைகள் நான்கு பேர் ஏற்கெனவே இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் கொழுந்து லொறிக்கார ஜீவராஜ் முன்னால் வந்தான்.

"மட் டயர் போடுன்னு தலதலயா அடிச்சிக்கிட்டோமேக்கா! கேட்டீங்களா?"

பின் சீட்டில் வீரம்மா கம்பளியைப் பிரித்தாள். லெட்சுமணன் குனிந்து காற்சட்டைக் காலை மடித்துவிட ஆரம்பித்தார். களியில் இறங்கினால் ஒட்டும் சேறு, தன்னைத் தூக்குபவர்களின் கையில் படக் கூடாதே என்று. அதைக் கண்ணாடியில் பார்த்த நாகலெட்சுமி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"அண்ணே, எறங்காதீங்க. அண்ணி, அத மடிச்சி வைங்க."

இறங்கி முன்சக்கரத்தைப் பார்த்தாள். டயரின் நடுப்பகுதி மட்டும்தான் களியில் பட்டிருந்தது. ஓரத்துப் பற்களில் சேறே ஒட்டவில்லை. கல் மாதிரி விறைத்து நின்ற டயர் எப்படி மண்ணைக் கடிக்கும்? வினோஜன் சொன்னது சரி. தப்பு அவளுடையது, பத்து டன் கொழுந்து ஏற்றும் லொறியின் சட்டத்தைத் தன் ஜீப்புக்குப் போட்டது அவள்தான். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரம் இல்லை.

ஒரு கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு தீக்குச்சியால் வால்வை அழுத்தினாள். காற்று சீறியது.

"இருக்கிற காத்தையும் புடுங்குறீங்களே! பைத்தியமா ஒங்களுக்கு?" என்றான் ஜீவராஜ்.

"ஆமா. தள்ளி நில்லுங்க, ஒங்க மேல சேறு அடிக்கும்."

நான்கு டயரையும் காற்று அளக்கும் கேஜ் வைத்து இருபதுக்கு இறக்கினாள். டயர்கள் களியில் அகலமாக உட்கார்ந்தன. லோ கியரில் போட்டு, அக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் விட்டாள். ஜீப் முக்கியது. ஓரத்துப் பற்கள் களியைப் பிடித்தன. அடி அடியாக, மாடசாமி கல்லை உரசுகிற மாதிரி, முடக்கைத் திரும்பி மேலே ஏறியது. பின்னால் ஜீவராஜின் சட்டை முழுக்கச் செங்களி.

தார் ரோட்டில் ஏறியதும் ஓரமாக நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். இருபது நிமிஷம் பிடித்தது.

"நேரமாச்சே, இப்படியே போவோமே" என்றாள் வீரம்மா.

"இந்தக் காத்தோட தார்ல போனா முடக்குல வண்டி ஆடும், அண்ணி. டயரும் சூடேறி வெடிக்கும். அண்ணன வச்சிக்கிட்டு நான் அப்படிப் போகமாட்டேன்."

முப்பத்தைந்து. அதற்குமேல் ஒன்றுகூட அடிக்கவில்லை. அட்டன் தாண்டி நுவரெலியா வரை ஈரத் தாரில் வண்டி ஒட்டிக்கொண்டு ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலில் மணி பன்னிரண்டாக எட்டு நிமிஷம். லெட்சுமணன் கதவைத் திறந்து தானே இறங்கி, மடித்துவிட்ட காற்சட்டையை நீவி இறக்கினார். ஒரு சொட்டுச் சேறு இல்லை. வீரம்மா வழக்கம்போலக் கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னால் இறங்கினாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"அத எதுக்குத் தூக்கிட்டு வர்ற? வீட்டுக்குப் போனதும் தொவச்சிப் போடு. நல்ல கம்பளி, குளிருக்குப் போத்திக்கிறேன்."

சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் உள்ளே நடந்து போனார்.