காலியாக இருந்த பச்சை ஓட்டை

தம்பி கப்பல் வேலைக்குக் கிளம்பிய புதன்கிழமை, பிளான் அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மாத்திரை எடுத்தியா, சார்ஜர் எடுத்தியா என்று வாசல் வரை நச்சரித்தாள். அவன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: "உன் டப்பாவைக் கழட்டித் தூசி தட்டிட்டேன். ஒரு மூட்டை வந்துச்சு."

டப்பா என்றால் அவளுடைய கம்ப்யூட்டர். அவளுக்குத் திக்கென்றது. "போற நேரத்துல அதை ஏன்டா நோண்டின?"

"நீ உட்கார்ற இடம் சுத்தமா இருக்கட்டும்னுதான்."

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். பேச்சு அதோடு நின்றது.

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. பதினாறு வருடமாக அந்த ஒரே பெட்டியில்தான். அதில் இருக்கும் வரைகிற மென்பொருள் புதிய கம்ப்யூட்டர்களில் ஏறாது. அவளுக்கும் வேறொன்று கைக்கு ஒத்துவராது. பிளான் அக்கா விருந்துக்கு வந்தால் நாற்காலியை அளந்துவிட்டுத்தான் உட்காருவாள் என்று தெருவில் கேலி உண்டு. அவள் மறுத்ததில்லை.

அந்த வாரம் கையில் இருந்தது ஒரு சின்ன மருத்துவமனைக்கான வேலை. சக்கர நாற்காலி ஏறுவதற்கு வாசலில் ஒரு சாய்வுப் பாதை. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி உயரம் ஏறலாம், அதற்கு மேல் கூடாது. மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "திங்கக்கிழமை காலையில தாள் கைக்கு வரலைன்னா எதிர்ல பிளான் போடுற கடைக்குப் போயிடுவேன்மா. அப்புறம் மொத்த வேலையும் அங்கதான். கோவிச்சுக்காதீங்க."

வியாழன் காலை பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் அம்பைக் காணோம். மவுஸைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனாள். யூஎஸ்பி முனை ஒரு சப்பை ஓட்டையில் ஒழுங்காகத்தான் சொருகியிருந்தது. பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் சொருகினாள், முன்பக்கத்தில் சொருகினாள், ஊதிச் சொருகினாள். கடைக்குப் போய்ப் புது மவுஸ் வாங்கி வந்தாள். அதுவும் கண் திறக்கவில்லை.

மத்தியானம் தம்பிக்கு ஒரு மெசேஜ் போட்டாள். "நீ தொட்டா எதுவும் உருப்படாது."

வெள்ளிக்கிழமை பெட்டியின் முதுகைப் படம் பிடித்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த ஊதா உருண்டை ஓட்டையில கீபோர்டு இருக்கு. பக்கத்துல பச்சை ஏன் காலியா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும், தம்பிதான் இதெல்லாம் பாப்பான்."

"உங்க பெட்டியில யூஎஸ்பி செத்துப் பல நாள் ஆகியிருக்கும். மவுஸுக்கு இனி பச்சைதான் கதி." ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் கையை விட்டு, உருண்டை முனை வைத்த மவுஸ் ஒன்றை இழுத்து எடுத்தார். "என் பையனைவிட இதுக்கு வயசு ஜாஸ்தி. ஆனா சொன்ன பேச்சு கேக்கும்."

வீட்டுக்கு வந்து, முனைக்குள் இருந்த ஆறு ஊசியும் வளையாமல் பார்த்து, பச்சையில் சொருகினாள். அசைத்தாள். ஒன்றுமில்லை. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"பெட்டி ஓடிக்கிட்டிருக்கும்போதா சொருகினீங்க?"

"ஆமா."

"அப்ப அதுக்குத் தெரியாதுக்கா. முழிச்சுக்கும்போது யார் யார் வந்திருக்காங்கன்னு ஒரே ஒரு தடவை பாக்கும். லேட்டா வர்றவங்களைத் திரும்பிக்கூடப் பாக்காது. அணைச்சுட்டு மறுபடி போடுங்க."

"இதை அப்பவே சொன்னா வாய் வலிக்குமா?"

"பதினாறு வருசமா வச்சிருக்கீங்க. தெரியும்னு நினைச்சேன்."

அது சுருக்கென்று தைத்தது. அவள் கொடுக்கும் வரைபடங்களில் கட்டிடத்தின் பின்பக்கத் தோற்றம் என்று ஒரு தாள் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் அவள் போட்டுவிடுவாள். இந்தப் பெட்டியின் பின்பக்கத்தை மட்டும் அவள் நேற்றுவரை பார்த்ததில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் தம்பி மேசைக்கடியில் கால் நீட்டிப் படுத்திருப்பான். என்னடா பண்ற என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கால் இடறுது, தள்ளிக்கோ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

கீபோர்டிலேயே தட்டுத்தடுமாறிப் பெட்டியை அணைத்தாள். நூறு வரை எண்ணிவிட்டுப் போட்டாள். வழக்கம்போல முக்கி முனகி எழுந்த திரையின் நடுவில் அம்பு வந்து நின்றது.

திங்கள் காலை மேஸ்திரியின் கையில் தாள் இருந்தது. சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்று, பின்பக்கத் தோற்றமும் சேர்த்து.

தம்பிக்குப் போட்ட மெசேஜை அழித்துவிடலாம் என்று போனை எடுத்தாள். அவன் ஏற்கெனவே படித்திருந்தான். "மவுஸ் சரியாயிடுச்சு" என்று எழுதி அனுப்பினாள். அடுத்த வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தாள். அவனிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்கிற அளவுதான். பச்சை ஓட்டை எப்படிக் காலியானது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் குற்றம் சாட்டுவது போலாகிவிடும்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கூடத்துப் படிக்கட்டை வரைந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

"அக்கா, இந்தப் பக்கம் இன்னிக்குத்தான் மழை. மழைக்கோட்டை எடுத்தா அதோட பையில உன் மவுஸோட பச்சைத் துண்டு கிடக்கு. சப்பை முனையை உருண்டை ஓட்டையில மாட்டுறதுக்கு நான் போட்டு வச்சிருந்தது. தூசி தட்டினப்போ கழட்டிப் பையில போட்டவன், அவசரத்துல அது இல்லாமலே மவுஸைச் சப்பை ஓட்டையில மாட்டிட்டு வந்திருக்கேன். என்னத்தைக் கெடுத்தோம்னு அஞ்சு மாசமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருந்தேன். நீ சொன்னது சரிதான். ஆமா, இது இல்லாம இப்ப எப்படி வரையுற?"