கொச்சி பார்த்த சென்னியப்பன்

முன்னறையில் ‘தொப்’பென்று ஈரத்துணி தண்ணீரில் விழும் ஓசை. அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த தெய்வாத்தாள் எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. கணவர் சென்னியப்பன் வந்தவரிடம் கொச்சிக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

திருப்பூரில் பனியன் துணி வெளுக்கும் பட்டறைக்கு அவர் மேஸ்திரி. பழுப்பு என்றாலே பகை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வேட்டி நுனியைத் தூக்கிப் பார்த்து, "இன்னொரு அலசு வேணுமுங்க" என்றவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில், சரக்கு மூட்டையோடு ஒரே ஒரு நாள் கொச்சி போய் வந்தார். டச்சுக்காரன் காலத்து மாளிகைகள், மிளகுக் கிடங்குகள், கப்பல், கரையெல்லாம் கூட்டம், எல்லாம் பார்த்தார். மனசில் நின்றது ஒன்றுதான். எட்டு வருஷமாக விருந்தாளிகளுக்கெல்லாம் தோள் துண்டை விரித்துப் பிடித்து, வாளித் தண்ணீரில் முக்கித் தூக்கிக் காட்டுகிறார்.

"ஊடு அகலத்துக்குத் துணிங்க. கழியில கட்டித் தண்ணிக்குள்ள முக்கறான், தூக்கறான். பொழுதன்னிக்கும் இதே வேலை. ஒரு பௌடர் இல்லை, சோடா இல்லை. மீனு வேற உள்ளார வந்து உழுகுது! அப்புறம் எப்படீங்க வெளுக்கும்?"

"ஏனுங்க, ஒருக்காக் கடலைக் காட்டுங்களே" என்று தெய்வாத்தாள் ஆடிப்பெருக்கு தவறாமல் கேட்பாள். "அந்த அழுக்குத் தண்ணியவா?" என்பார். பாவம், அவள் கண்ட உப்புத் தண்ணீர் அவள் கண்ணில் வந்ததுதான்.

இன்று வந்தவரோ கைருதீன். திருப்பூரில் பிறந்து, கொச்சியில் பனியன் கடை வைத்திருப்பவர். தெய்வாத்தாள் டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

கைருதீன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "மேஸ்திரி, அது மீன் புடிக்கற வலைங்க. சீனா வலை."

துண்டு வாளியிலேயே நின்றது.

"வலையா? அத்தனை பழுப்பாவா?"

"மீனு உழுந்துச்சுன்னு நீங்களேதானுங்க சொன்னீங்க!"

"எட்டு வருசமா இந்தத் தண்ணியத் தொடைக்கறேனுங்க" என்றாள் தெய்வாத்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"அக்காவைக் கூட்டிட்டு வாங்க மேஸ்திரி. எங்க ஊட்டுல தங்கிக்கலாம். வலையா, சலவையான்னு அக்கா பாத்துச் சொல்லட்டும்."

கைருதீன் காபியைக் குடித்துவிட்டு விடைபெற்றார். சென்னியப்பன் கதவைச் சாத்தித் தாழிட்டார். பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித் துடைத்தார். தெய்வாத்தாளின் கல்யாணச் சேலையைத் தம் கையாலேயே மடித்து வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதும், பெட்டியில் வைத்த தம் வேட்டி மடிப்புக்குள் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பௌடரைச் செருகினார்.